வீட்டுக்கே வந்து ட்ரிப்ஸ் போடுறாங்களாமே, அம்மாவுக்கு போடலாமா?

வேளச்சேரி பொண்ணு:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு. சிக்குன்குனியா வந்து காய்ச்சல் எல்லாம் விட்டுருச்சு, ஆனா இன்னும் நடமாட முடியல, காலைல எந்திரிக்கும்போது கணுக்கால் முட்டி எல்லாம் பிடிச்சுக்குது, சாப்பாடும் இறங்க மாட்டேங்குது, எப்ப கேட்டாலும் "உடம்புல சத்தே இல்லடி"ன்னு ஒரே புலம்பல். சிங்கப்பூர்ல இருக்க எங்க அண்ணன் இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் பாத்துட்டு வீட்டுக்கே நர்ஸ் வந்து ஐவி போடுற பேக்கேஜ் ஒண்ணு அனுப்பியிருக்கான், எனர்ஜி, இம்யூனிட்டி, டீடாக்ஸ் எல்லாம் ஒரே பாட்டில்லயாம், ஆறாயிரத்து சொச்சம், அவனே கட்டிடறேன்ங்கறான். அம்மாவுக்கு ஏக குஷி, அவங்களுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாதான் வைத்தியம் பாத்த திருப்தியே வரும்.

சுகருக்கு ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின் எடுக்குறாங்க, பிரஷருக்கு ஆம்லோடிபின். புக் பண்ண போன் போட்டப்ப அவங்க இதெல்லாம் கேக்கவே இல்ல, பின்கோடும் எத்தன மணிக்கு வரணும்னும்தான் கேட்டாங்க. அதுலதான் எனக்கு இடிக்குது. யாராவது போட்டுருக்கீங்களா? வந்தா என்ன பண்ணுவாங்க, எதை பாத்து வச்சுக்கணும்?

நைட் டூட்டி அக்கா:
நான் ஸ்டாஃப் நர்ஸ், ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு இப்ப ஹோம் கேர்லதான் இருக்கேன், இந்த மாதிரி கேஸ் போறதுண்டு, அதனால உள்ளத சொல்றேன். வந்ததும் பிபி, பல்ஸ், ஆக்சிஜன், டெம்பரேச்சர் பாக்கணும், அம்மா மாதிரி ஆளுக்கு சுகரும் குத்தி பாக்கணும். என்னென்ன வியாதி, என்ன மாத்திரை, எந்த ஊசிக்கு அலர்ஜி, எல்லாத்தையும் உக்காந்து கேக்கணும். ஒரு டாக்டர் பேர், ரிஜிஸ்டர் நம்பரோட எழுதின சீட்டு இல்லாம எந்த மருந்தும் ஏத்தக்கூடாது. "டாக்டர் ஆன்லைன்ல அப்ரூவ் பண்ணிட்டாரு"ன்னு சொன்னா அவர வீடியோ கால்ல கூப்பிட சொல்லி அம்மாவோட பேச வைங்க.

அப்புறம் வென்ஃப்ளான் போடுவாங்க, அதாவது கை நரம்புல ஏத்தி வைக்கிற மெல்லிசு ப்ளாஸ்டிக் குழாய், கலர் வச்சுதான் சைஸ், பெரியவங்களுக்கு பெரும்பாலும் நீலக் கலர், நரம்பு ரொம்ப மெல்லிசா இருந்தா மஞ்சள். வீட்ல ஸ்டாண்ட் இருக்காது, ஜன்னல் கம்பில பேண்டேஜ் துணிய கட்டி பாட்டில தொங்க விடுவோம். இங்க ஒண்ணு கண்டிப்பா கவனிங்க. சில பேரு சீக்கிரம் இறங்கட்டும்னு பாட்டில் அடில ஒரு ஊசிய குத்தி காத்து விடுவாங்க, ஆஸ்பத்திரிலயே பாத்திருப்பீங்க. அந்த ஓட்டை வழியா வீட்டு தூசி, கிருமி எல்லாம் நேரா மருந்துக்குள்ள போகும். குத்த வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, காத்து வழி வச்ச செட்டே கிடைக்குது. மருந்து ஆம்பியூல், அதான் அந்த குட்டி கண்ணாடி குப்பி, எல்லாம் உங்க கண்ணு முன்னாடி உடைச்சு கலக்கணும், எக்ஸ்பைரி தேதிய காட்டணும், என்ன கலந்தோம்னு பாட்டில் மேல எழுதணும். ஏற்கனவே கலந்து லேபிள் இல்லாம எடுத்துட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க, சங்கடமே படாதீங்க.

500 மில்லிய ரெண்டு மணி நேரத்துல ஏத்தணும்னா சாதா செட்ல நிமிஷத்துக்கு 80 சொட்டு சில்லறை வரும். 45 நிமிஷத்துல முடிச்சு குடுக்கறேன்னா நிமிஷத்துக்கு 220க்கு மேல ஓடணும், 61 வயசு பிரஷர்காரங்களுக்கு அந்த ஓட்டம் வேணாம். மக்னீசியம் கலந்திருந்தா உடம்பெல்லாம் குபுகுபுன்னு சூடா வரும், வேகமா விட்டா பிபி இறங்கி தலை சுத்தும். ஊசி இடம் வீங்கி சில்லுனு ஆச்சுன்னா மருந்து நரம்ப விட்டு வெளிய போகுதுன்னு அர்த்தம், நிறுத்தி கழட்டணும். ட்ரிப்ஸ் ஓடும்போதே குளிரெடுத்து நடுங்குனாலோ, மூச்சு திணறினாலோ, உடம்பு தடிச்சு அரிச்சாலோ உடனே நிறுத்தணும், அலர்ஜி முத்தினா உடனே போடுற அட்ரினலின் ஊசி நர்ஸ் பையில இருக்கணும். இருக்கான்னு பைய திறந்து காட்ட சொல்லுங்க. இல்லன்னா அந்த கம்பெனியே வேணாம்.

பாட்டில் முடிஞ்சு ட்யூப்ல ரத்தம் ஏறுறத பாத்து நிறைய வீட்ல அலறுவாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. ஊசி, வென்ஃப்ளான் கழிவ உங்க குப்பைல போட விடாதீங்க, அவங்களே எடுத்துட்டு போகணும், ஊசிய குத்தினா கிழியாத வெள்ளை டப்பால போடணும், 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் ரூல்ஸ்ல ஊசிக்கு வெள்ளைதான்.

மாம்பலம் மாப்ள:
எங்க மச்சான் கல்யாணத்துக்கு முன்னாடி, கலர் குடுக்கும்னு விக்கிற குளுட்டாதயோன் ட்ரிப் போட்டுக்கிட்டான், பொண்ணு வீட்டு ஃபோட்டோல கலரா தெரியணுமாம். கலர்ல ஒரு மாத்தமும் இல்ல, மேக்கப்காரம்மா பண்ணதுதான். அந்த கம்பெனிக்காரன் அதோட விடல, இன்னும் சில சிட்டிங் போட்டாதான் தெரியும்னு தினமும் மெசேஜ், பிளாக் பண்றதுக்குள்ள போதும்னு ஆயிருச்சு. ஆனா ஒண்ணு, போட்டு முடிச்சு எந்திரிச்சப்ப ஃப்ரெஷ்ஷா இருக்குன்னு சொன்னான். ஏசி ரூம்ல, ஒரு கைய ஆட்ட முடியாம, ஃபோன தொடாம மதியத்துல ரெண்டு மணி நேரம் படுத்தா எவனுக்குய்யா ஃப்ரெஷ்ஷா இருக்காது.

மதுரை டாக்டர்:
மாப்ள சொன்னது சிரிப்பா இருந்தாலும் விஷயம் அதுலதான் இருக்கு. இந்த பாட்டில்களுக்கு மூலம் மையர்ஸ் காக்டெயில்னு ஒண்ணு. அமெரிக்காவுல பால்டிமோர்ல ஜான் மையர்ஸ்னு ஒரு டாக்டர் மக்னீசியம், கால்சியம், பி வைட்டமின், வைட்டமின் சி கலந்து போட்டுட்டு இருந்தாரு. 1984ல அவர் இறந்தப்புறம் ஆலன் கேபிங்கற இன்னொரு டாக்டர் அத எடுத்து தன் அளவுல போட ஆரம்பிச்சு 2002ல கட்டுரையா எழுதினாரு, மையர்ஸ் போட்ட சரியான அளவு அவருக்கே தெரியாது. 2009ல வெளியான ஒரு சின்ன ஆய்வுல உடம்பெல்லாம் வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 34 பேர்ல பாதி பேருக்கு இந்த காக்டெயில், மீதி பேருக்கு வைட்டமின் எதுவும் இல்லாத ரிங்கர் லாக்டேட்ங்கற வெறும் உப்புத்தண்ணி ட்ரிப்ஸ் போட்டாங்க. ரெண்டு குரூப்புக்கும் வலி குறைஞ்சுது, ரெண்டுக்கும் நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. 2018ல பொய் விளம்பரத்த தட்டி கேக்கற அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் ட்ரேட் கமிஷன் டெக்சாஸ்ல ஒரு ஐவி கம்பெனி மேல நடவடிக்கை எடுத்துச்சு, புற்றுநோய்ல இருந்து சர்க்கரை வரைக்கும் தீரும்னு விளம்பரம் பண்ணதுக்காக.

இப்ப உங்க அம்மா விஷயம். ஒரு பாட்டில் 500 மில்லி நார்மல் சலைன்ல நாலரை கிராம் உப்பு இருக்கு, ஒரு நாளைக்கே 5 கிராமுக்கு கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவங்க ஆசப்படுற 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில்ல 25 கிராம் சர்க்கரை, காப்பில அஞ்சாறு ஸ்பூன் போட்ட கணக்கு, சுகர்காரங்களுக்கு எதுக்கு அது. ஹார்ட்டோ கிட்னியோ வீக்கா இருந்தா இந்த தண்ணியே நுரையீரல்ல தேங்கி மூச்சு வாங்கும். அதிக அளவு வைட்டமின் சி போட்டா கிட்னில ஆக்சலேட்ங்கற உப்பு படியலாம், ஜி6பிடிங்கற என்சைம் பிறவியிலயே குறைவா இருக்கவங்களுக்கு ரத்த அணுவே உடையும். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, நிறைய வைட்டமின் சி ரத்தத்துல இருக்கும்போது சில குளுக்கோமீட்டர் சுகர கூட்டி காட்டும், அத நம்பி இன்சுலின் போட்டா ஆபத்து. அம்மா மாத்திரைதான்னாலும் தெரிஞ்சுக்கங்க.

சிக்குன்குனியா மூட்டு வலி வாரக்கணக்கா, சில பேருக்கு மாசக்கணக்கா இருக்கும், எந்த பாட்டிலும் அத குறைக்காது. ஆனா அந்த அசதிக்கு நான் வேற ஒண்ண சந்தேகப்படுவேன். மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் எடுத்தா பி12 குறையும். பி12, ஹீமோகுளோபின், கிட்னிக்கு கிரியாட்டினின், சோடியம், சுகர் இவ்வளவும் ஒரு தடவ பாருங்க. பி12 கம்மின்னா அதுக்கு சதை ஊசியோ மாத்திரையோ போதும், அந்த ஆறாயிரத்துல கால்வாசி கூட ஆகாது. வைட்டமின் டி கம்மியா இருந்தாலும் வாயால சாப்பிடுறதுதான், ட்ரிப்ஸ்ல போடுறது இல்ல.

வேளச்சேரி பொண்ணு:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அக்கா. இத அப்படியே அண்ணனுக்கு அனுப்பிட்டேன், டெஸ்டுக்கு ஆள் வர சொல்லியாச்சு. ஒரே ஒரு டவுட்டு, அப்ப ட்ரிப்ஸே எப்பவும் தேவையில்லையா? சாப்பாடு இறங்கலன்னா என்ன பண்றது?

மதுரை டாக்டர்:
தேவைப்படும். வாந்தி நிக்காம எதுவும் உள்ள தங்கலன்னா, ஒண்ணுக்கு போறது ரொம்ப குறைஞ்சா, எந்திரிச்சா மயக்கம் வந்தா ட்ரிப்ஸ் வேணும், ஆனா அது ஆஸ்பத்திரில. வாயால குடிக்க முடியுதுன்னா கஞ்சி, மோர், ரசம் சாதம், கொஞ்சம் கொஞ்சமா பல தடவ. 1971ல மேற்கு வங்காளத்துல வங்கதேச அகதிங்க இருந்த முகாம்ல ட்ரிப்ஸ் பாட்டில் தீந்து போனப்ப டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் தண்ணில கலந்து வாயால குடுத்துதான் காலரா நோயாளிங்கள காப்பாத்தினாரு. அதே உப்பு சர்க்கரை கலவைதான் ஓஆர்எஸ் பாக்கெட், பேதி, வாந்தின்னா நல்லா வேலை செய்யும். உங்க அம்மாவுக்கு சும்மா தெம்புக்காக அத தினமும் குடுக்க வேணாம், அதுலயும் உப்பு, சர்க்கரை இருக்கு.

அண்ணாநகர் 4வது அவென்யூ:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் நேத்து இதே மாதிரி ஒண்ணு வீட்ல போட்டுக்கிட்டேன், ஒண்ணுக்கு மஞ்சளா போச்சு, இன்னிக்கு ஊசி போட்ட கைல நரம்பு தடிச்சு சிவந்து தொட்டா வலிக்குது. கம்பெனி நம்பருக்கு அடிச்சா ரிங் போகுது, எடுக்கல.

நைட் டூட்டி அக்கா:
மஞ்சளா போனது பி வைட்டமின், அத விடுங்க ப்ரோ. கை விஷயம், ஊசி ஏறின ரத்தக்குழாய் அழற்சி மாதிரி இருக்கு. வெதுவெதுப்பா துணி ஒத்தடம் குடுங்க, கைய கொஞ்சம் உயர்த்தி வைங்க, அந்த கைல பிபி பாக்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீங்க. காய்ச்சல் வந்தா, சிவப்பு மேல ஏறிக்கிட்டே போனா, ஊசி இடத்துல சீழ் தெரிஞ்சா, இல்ல கையே மொத்தமா வீங்கினா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, அவங்க போன் எடுக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. போகும்போது என்ன மருந்து ஏத்தினாங்கன்னு பில்லோ காலி ஆம்பியூலோ இருந்தா கையோட எடுத்துட்டு போங்க.