கூத்துக் கட்டைக்குப் புளியங்கொட்டைப் பசை: பூஞ்சை பிடிக்காமலிருக்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. பென்னாகரம் பக்கம் தெருக்கூத்து ஆடுறவங்க கட்டுற மரக் கிரீடம், புஜக்கட்டை (தோளில் கட்டும் அணி) செப்பனிடும் வேலை. கல்யாண முருங்கைக் கட்டையில் ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டணும்.

இப்போதைய பக்குவம்: கொட்டையை மணலில் வறுத்து, இடித்துத் தோல் நீக்கணும். துளி தோல் தங்கினாலும் துவர்க்கறை தாளில் ஊறிடும். பருப்பை மாவாக்கி, 100 கிராமுக்கு 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பு. கொதிநீரில் கொட்டினால் மேல் வெந்து உள்ளே மாவாகவே நிற்கும், கட்டிதான் மிஞ்சும். சிறு தீயில் அரை மணி கிண்டினால் கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்.

சிக்கல் ரெண்டு. மறுநாளே பசை நீர்த்து நாறுது, ஒட்டிய ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டா பூஞ்சை நிற்கும்தான், ஆனா அது நஞ்சு, ஆடுறவங்க வேர்வையோட தோலில் படும். கிராம்புத் தைலம் போட்டுப் பார்த்தவங்க இருக்கீங்களா? லிட்டருக்கு எத்தனை சொட்டு?

அடுத்தது, தாள் பிடிக்குது, கண்ணாடி உதிருது. கண்ணாடி ஈரத்தை உறிஞ்சாதுல்ல! வஜ்ஜிரத்தை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) ராத்திரி ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, கொதிக்கவிடாமல் உருக்கி இந்தப் பசையோட கலக்கலாமா? என்ன விகிதம்? வேர்வையில் இளகிடுமோன்னுதான் தயக்கம்.

தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பருப்பு கிருஷ்ணகிரியில் சில்லறையா எங்கே கிடைக்கும்னும் சொல்லுங்க.