பண்டாரவன்னியன் நாடகம்: வெள்ளைக்காரச் சிப்பாயின் முதுகுப்பை வார் அறுந்துகொண்டே இருக்கிறது

ஒட்டுசுட்டான் மாஸ்ரர்:
கற்சிலைமடு நினைவுக்கல்லைத் தெரியாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் ட்ரிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்ததாக ஆங்கிலத்தில் வெட்டிய கல். அந்தச் சண்டையைப் பெடியளை வைத்துத் திறந்தவெளியில் நடிக்கப் போகிறோம். சிவப்புச் சட்டைகள் தைத்தாயிற்று. பைதான் சரிவரவில்லை. முதலில் ரெக்சினில் தைத்தேன், பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் பள்ளிக்கூடப் பைதான். பிறகு தோல் வாங்கி வார் வெட்டினேன். மூன்றாம் ஒத்திகையில் பக்கிளுக்குப் பக்கத்தில் அறுந்து, பெடியன் குளக்கட்டில் உருண்டான். மிச்சம் பதினொரு பை தைக்க வேண்டும். தறப்பாளில் தைத்தால் காணுமா?

குத்தூசி, வவுனியா:
மாஸ்ரர், அறுந்த இடத்தைப் பாருங்கள். தையல் ஓட்டைகள் நெருக்கமாக, வாருக்குக் குறுக்கே ஒரே வரியில் இருக்கும். முத்திரையைக் கிழிப்பதற்குப் போட்ட துளை மாதிரி. அங்குலத்துக்கு ஆறு தையல் போதும். வாரின் நீளப்பாட்டுக்குத் தையுங்கள், குறுக்கே வேண்டாம். ஒரு நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே ஓட்டையால் இரண்டும் எதிரெதிராகப் போகவேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிடிக்கும். மெசின் தையல் அப்படியில்லை. நூலுக்குத் தேன்மெழுகு பூசுங்கள், உங்கள் பக்கத்துக் காட்டுத்தேன்காரரிடம் சும்மாவே கிடைக்கும்.

தோலின் வெட்டுவாயையும் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் என்றால் குரோம் உப்பில் பதனிட்ட தோல், இழுக்க இழுக்க நீளும். உள்ளே மண்ணிறமாக இருப்பது பட்டையில் பதனிட்டது. அதையே கேட்டு வாங்குங்கள்.

பைக்கு லினனோ தடித்த பருத்திக் கன்வஸோ எடுங்கள். கடித உறைபோல மடியும் தட்டையான பைதான் 1803க்குப் பொருத்தம். உள்ளே பலகை வைத்துப் பெட்டிபோல நிமிர்ந்து நிற்கும் பையை 1815 வாட்டர்லூ சண்டைப் படங்களில் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள், அது சில வருடம் கழித்து வந்தது. அழுத்துப் பொத்தான், சிப், இரும்பு வளையம் பதித்த ஓட்டை எதுவும் கூடாது. ஓட்டையை நூலால் சுற்றித் தைக்கவேண்டும்.

கன்வஸுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்து, அதன் மேல் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கலந்த பெயின்ற் பூசுங்கள். கஞ்சி இல்லாவிட்டால் எண்ணெய் உள்ளே ஊறி, நாளடைவில் துணி உக்கிவிடும். ஒவ்வொரு பூச்சும் காய நாட்கள் எடுக்கும். மாரி தொடங்கினால் உங்கள் பை காயாது, ஆவணி வெயிலிலேயே முடியுங்கள்.

முள்ளியவளை அக்கா:
தம்பி, தறப்பாள் வேண்டாம். அது கன்வஸே இல்லை, பிளாஸ்ரிக், பெயின்ற் ஒட்டாது. அதோடு தறப்பாளை மேடையில் கண்டால் எங்கள் சனத்துக்கு 1803 ஞாபகம் வராது. இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்த வருடம்தான் வரும்.

ஒட்டுசுட்டான் மாஸ்ரர்:
அக்கா சொன்னது விளங்குகிறது. தறப்பாளை விட்டுவிட்டேன். அண்ணை, வாருக்கு என்ன நிறம்? வெள்ளைத் தோல் எங்கும் இல்லை.

குத்தூசி, வவுனியா:
அவர்களும் தோலின் மேல் வெள்ளைக் களிமண் பூசித்தான் வெள்ளையாக்கினார்கள். கன்வஸ் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளை போதும். ஒருநாள் முன்னம் பூசிக் காயவிடுங்கள். வியர்த்தால் சிவப்புச் சட்டையில் வடியும், பரவாயில்லை, அவர்களுக்கும் வடிந்திருக்கும்.

முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். நான் ஒருமுறை வாளிக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது புகை. யாரும் நெருப்பு வைக்கவில்லை. எண்ணெய் காய்கிறபோது தானாகவே சூடேறும், குவித்து வைத்தால் பற்றிக்கொள்ளும். வேலிக்கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி வையுங்கள்.

ஒட்டுசுட்டான் மாஸ்ரர்:
ஐயோ, நேற்று எண்ணெய் துடைத்த துணி உடுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. போய் எடுத்துவிட்டு வந்து கதைக்கிறேன்.