"செட்டில் ஆனதும் சபைக்குப் போகலாம்" என்று நினைப்பவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது, கொஞ்சம் செட்டில் ஆனதும் சபை (சர்ச்) தேடலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், இந்த ஞாயிறே போய்விடுங்கள். நானும் முதலில் வீடு, அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் சபை என்றுதான் வரிசை போட்டேன். ஏழு மாதம் ஓடிவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

"எப்படியும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன்" என்பவர்கள் எரேமியா 28, 29 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். யூதர்கள் பலரைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போயிருந்த காலம் அது. கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருடத்தில் திரும்பி வரும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொன்னான். எரேமியா தீர்க்கதரிசி அங்கிருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்திலோ எழுபது வருடம் என்றிருந்தது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் இருந்தது. தற்காலிகம் என்ற நினைப்பிலேயே இருப்பவன் எந்தச் சபையிலும் வேர்விடமாட்டான். நான் அப்படித்தான் இருந்தேன்.

தானியேல் என்றால் நமக்குச் சிங்கக் கெபிதான் ஞாபகம் வரும். எனக்கு 6:10 தான் பெரிது. ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டக்கூடாது என்ற தடையுத்தரவில் கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்தும், வீட்டுக்குப் போய் "முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டு ஜெபித்தார். அன்றைக்கென்று புதிதாக எந்த வைராக்கியமும் இல்லை. அந்நிய தேசத்தில், ராஜாவின் வேலைக்கு நடுவே, வழக்கமாகச் செய்துவந்த அதே ஜெபம்.

அதனால் பெரிய பொருத்தனை எதுவும் செய்யாதீர்கள். விடியற்காலை ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து, பத்தாம் நாள் விட்டுவிட்டுக் குற்றவுணர்வில் வேதாகமத்தையே திறக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். வேலை நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு 5 என்றால் சரியாக 52 வாரம். ரயிலிலேயே முடிந்துவிடும். ஜெபத்தை மட்டும் தமிழிலேயே வையுங்கள். நாள் முழுக்க வேறு மொழியில் பேசிக் களைத்த பிறகு மனம் திறப்பது அதில்தான்.

தமிழ்ச் சபையா, உள்ளூர்ச் சபையா? தமிழ்ச் சபை பக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு மணி நேரப் பயணம் என்றால் மாதம் ஒருமுறை அங்கே போங்கள். மற்ற வாரங்களில், உங்களுக்குக் காய்ச்சல் என்றால் யாராவது எட்டிப் பார்க்கிற தூரத்தில் உள்ள ஒரு சபைக்குப் போங்கள். மூன்று நான்கு இடம் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குள் ஒன்றில் நின்றுவிடுங்கள். பாட்டு சரியில்லை, பிரசங்கம் நீளம் என்று அலைந்தால் முடிவே கிடையாது.

ஞாயிறு ஷிப்ட் உள்ளவர்கள் வார நாளில் வீடுகளில் கூடும் ஜெபக்குழு இருக்கிறதா என்று போதகரிடம் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். ஆன்லைன் ஆராதனை, நேரில் போக முடியாத நாளுக்கு உதவும். அதையே சபையாக்கிக்கொண்டால் நீங்கள் காணாமல் போனது யாருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். நான் நாற்காலி போடுகிற வேலையை எடுத்தேன். அடுத்த முறை நான் போகாத ஞாயிறு, பத்து மணிக்கே போன் வந்தது.