குமிழச் செதிலா, மடலா? லில்லிக் குறிப்புக்கு மூன்று சொற்கள் வேண்டும்

பெயர்ப்பாளி | திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

லில்லிக் கிழங்கிலிருந்து வீட்டிலேயே புதுச் செடி உண்டாக்குவது பற்றிய நாலு பக்கக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஓடுகிறது, மூன்று இடத்தில் மட்டும் முட்டி நிற்கிறது.

செய்முறை இதுதான். செடியின் அடியில் இருக்கும் உருண்டை, ஒன்றையொன்று தழுவிய தடித்த வெள்ளைத் துண்டுகளால் ஆனது. வெளிச்சுற்றுத் துண்டுகளை அடியோடு ஒடித்து, ஈர வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) கலந்து பையில் கட்டிவைத்தால், ஒடித்த வாயில் குட்டி உருண்டைகள் திரள்கின்றன. துண்டுக்கு ஒரு பெயர், குட்டிக்கு ஒரு பெயர், ஒடிக்கும் வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு 'செதில்', 'சிறுகுமிழ்', 'செதிலெடுப்பு' என்று போட்டிருக்கிறேன். பெரிய உருண்டைக்குக் 'குமிழம்'.

கரும்பலகை | திங்கள் மதியம்

குமிழம் சரி, வகுப்பில் நான் சொல்வதும் அதுதான். ஆனால் உங்கள் முதல் வரியிலேயே 'கிழங்கு' வந்துவிட்டதே! உருளைக்கிழங்கில் பருத்திருப்பது தண்டு. குமிழத்தில் தண்டு என்பது அடியில் உள்ள சின்னத் தட்டு மட்டும்தான், மேலே இருப்பதெல்லாம் உணவு சேர்த்துப் பருத்த இலைகள். வெங்காயத்துக்கு வெளியே காய்ந்த தோலுறை உண்டு, லில்லிக்குக் கிடையாது. அதனால்தான் அது வெளியே கிடந்தால் சீக்கிரம் வதங்குகிறது. 'செதிலிலை' என்று பாடத்தில் ஏற்கெனவே இருப்பதால் 'செதில்' பொருந்தும். அந்தத் தட்டுக்கு 'அடித்தட்டு' போட்டுவிடுங்கள்.

எட்டிப்பார்ப்பவன் | திங்கள் மாலை

அடித்தட்டு மக்களுக்கும் லில்லிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்பார்கள். போகட்டும், 'பல்பு' என்று எழுதாதவரை நல்லது. அப்படி எழுதினால் மொழிபெயர்ப்பாளருக்குத்தான் பல்பு.

பழஞ்சுவடி | திங்கள் இரவு

அன்புடையீர்,

குமிழம் ஏற்கெனவே ஒரு மரத்தின் பெயர். அதன் பூவை மூக்குக்கு உவமையாகச் சொன்ன புலவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? 'உள்ளி' என்ற பழஞ்சொல் இருக்கிறது. மலையாளத்தில் உள்ளி, தெலுங்கில் உல்லி, கன்னடத்தில் ஈருள்ளி. ஈழத்தில் பூண்டை இன்றும் உள்ளி என்கிறார்கள். உள்ளே உள்ளே என்று அடுக்கிக்கொண்டு போவதால் உள்ளி என்பது என் துணிபு. 'பல்பு' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லும் வெங்காயம் போன்ற ஒன்றைத்தான் குறித்தது. அவர்கள் ஒரு காய்கறியின் பெயரைப் பொதுமைப்படுத்தலாம், நாம் கூடாதா?

செதில் வேண்டவே வேண்டாம். செதிள், செதில், செதுக்கு எல்லாம் ஒரே குடும்பம். செதுக்கித் தள்ளுவதுதான் செதில். தொல்காப்பிய மரபியல் 'தோடே மடலே ஓலை என்றா ஏடே இதழே பாளை என்றா' என்று தொடங்கி, இவையெல்லாம் புல்லொடு வரும் என்கிறது. லில்லி ஒருவித்திலை. ஆகவே மடல். வாழை மடலைப் பாருங்கள், அதுவும் இலையின் அடிதான். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

கரும்பலகை | செவ்வாய் காலை

ஐயா, மரபியல் 'புறக்காழனவே புல்லென மொழிப' என்கிறது. தென்னைக்கும் பனைக்கும் வெளியே காழ், அதாவது கெட்டியான வைரம், உண்டு. லில்லிக்கு உள்ளேயும் காழ் இல்லை, வெளியேயும் இல்லை. ஒருவித்திலை என்பதற்காக அதைப் புல்லில் சேர்த்தது நீங்கள், தொல்காப்பியர் அல்ல.

ஆனாலும் வாழை மடல் வாதம் என்னை அசைத்துவிட்டது. குமிழத்தின் இந்தத் துண்டும் இலையடிதான். தாவரவியல்படி பார்த்தால் மடல்தான் நெருக்கம்.

எட்டிப்பார்ப்பவன் | செவ்வாய் காலை

மடலாடற்குழுவில் மடல் பற்றி மடல்மேல் மடல். யாராவது மடலேறாமல் இருந்தால் சரி.

இன்னொரு யோசனை: 'இதழ்'. அந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறதே?

கரும்பலகை | செவ்வாய் மதியம்

இதழ் என்றால் எல்லோரும் பூவுக்குப் போய்விடுவார்கள். பூவின் பகுதியைப் பாடத்தில் அல்லி இதழ் என்கிறோம். லில்லியை அல்லி ஆக்கும் அன்பர்களும் உண்டு. அப்புறம் 'அல்லியின் அல்லி இதழ்' என்று எழுத வேண்டிவரும். அல்லி தண்ணீரில் வாழ்வது. அந்தப் பெயரைப் பார்த்து யாராவது இந்தக் குமிழத்தைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் இரண்டு வாரத்தில் அழுகிவிடும்.

மண்கை | செவ்வாய் இரவு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த வேலையை வருடந்தோறும் செய்கிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன்.

'செதிலெடுப்பு' என்ற சொல்லை மட்டும் சொல்லி, ஒரு குமிழத்தைப் பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்தேன். அழகாக ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததையெல்லாம் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நடுவில் மிஞ்சிய கட்டைவிரல் அளவு மொட்டையை என்னிடம் நீட்டினார். மீனுக்குச் செதில் எடுத்துப் பழகிய கை அது. செதிலை வைத்துக்கொண்டு மீனை யார் எறிவார்கள்? அவர் மேல் தப்பில்லை, சொல்லின் மேல்தான்.

பழஞ்சுவடி ஐயா செதுக்கித் தள்ளுவது என்று சொன்னது இங்கே நிஜமாகிவிட்டது. ஆனால் 'மடல்' என்றதும் அதே அக்கா தாழை மடல் அளவுக்குக் கையை விரித்துக் காட்டினார். என்னிடம் இருப்பது காது மடல் அளவுதான். தொட்டால் குளிர்ச்சியாக, உள்பக்கம் குழிந்து, ஒடித்தால் நறுக்கென்று சத்தம் வரும்.

பூண்டு மாதிரி 'பல்' என்று சொல்லலாமே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பூண்டுப் பல்லுக்குள் முளை தயாராக இருக்கிறது, நட்டால் வரும். இதில் முளையே கிடையாது. ஒடித்த காயத்திலிருந்துதான் புதிதாக உண்டாகிறது. அதனால்தான் அடித்தட்டின் துணுக்கு ஒட்டிவரும்படி ஒடிக்கிறோம்.

பெயர்ப்பாளி | புதன் காலை

பயந்துபோய் 'செதிலெடுப்பு' முழுவதையும் அடித்துவிட்டேன். தலைப்பில் 'செதில்வழிப் பெருக்கம்', உள்ளே 'செதில்களை ஒடித்துப் பையில் சேர்க்கவும்' என்று மாற்றியிருக்கிறேன். 'செதில் பதியம்' பரவாயில்லையா?

மண்கை | புதன் மதியம்

வேண்டாம். பதியம் என்றால் கிளை தாய்ச்செடியோடு ஒட்டியிருக்கும்போதே வேர்விட வைப்பது. இது ஒடித்த பிறகு நடப்பது. சேர்த்து ஒரு வரி போடுங்கள்: வெளிச்சுற்றில் பாதிக்கு மேல் ஒடிக்கக் கூடாது, மிச்சக் குமிழத்தைத் திரும்ப நட்டால் அதுவும் பிழைக்கும். மொட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

குட்டிக்கு என் ஓட்டு 'குமிழ்ப்பிள்ளை'. தென்னம்பிள்ளை என்கிறோமே.

பழஞ்சுவடி | புதன் இரவு

'பிள்ளை குழவி கன்றே போத்து' இவை ஓரறிவுயிர்க்கு ஆகும் என்ற மரபியல், அடுத்த அடியிலேயே 'நெல்லும் புல்லும் நேரார்' என்று விலக்குகிறது. புல்லுக்குப் பிள்ளை கிடையாது. மேலும் பிள்ளை என்றால் தாய் தந்தை இருவர் வேண்டும். இதுவோ தாயின் மறுபடி, அதாவது நகல். 'முகிழ்' என்பதே தகும்.

கரும்பலகை | வியாழன் காலை

உரைகாரர்கள் தென்னையைப் புல் என்கிறார்கள், ஊரெல்லாம் தென்னம்பிள்ளை என்கிறது. விலக்கு எப்போதோ தோற்றுவிட்டது ஐயா. தந்தை இல்லாத வாழைக்கன்றையும் கன்று என்றுதானே சொல்கிறோம்? முகிழ் என்றால் மாணவர்கள் மொட்டு என்றுதான் படிப்பார்கள்.

மறுபடி என்று நீங்கள் சொன்னது மட்டும் முக்கியம். தாய்க்கு வைரஸ் இருந்தால் செதில் வழியாகக் குட்டிக்கும் போகும். குறிப்பில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா?

மண்கை | வியாழன் மதியம்

'சிறுகுமிழ்' ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், புலி லில்லியின் தண்டில், இலைக்கக்கத்தில், மிளகு மாதிரி கருப்பாக உருளுமே, அதையும் சிலர் சிறுகுமிழ் என்று எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. அதற்குக் 'கக்கமணி' என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

எட்டிப்பார்ப்பவன் | வியாழன் மதியம்

கக்கமணி! இந்த வாரத்தில் பிறந்த ஒரே நல்ல சொல். கேட்டவர்தான் யாருமில்லை.

பெயர்ப்பாளி | வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். குமிழம், செதில், குமிழ்ப்பிள்ளை, அடித்தட்டு. செதிலுக்கு மூன்று பேர், மடலுக்கு ஒருவர். கரும்பலகை அம்மா கடைசிவரை மடலுக்கும் செதிலுக்கும் நடுவில் நின்றுவிட்டு, மாணவர்களுக்குத் தெரிந்த சொல் என்பதால் செதில் பக்கம் வந்தார். முதல் செதில் வரும் இடத்தில் 'வாழை மடல் போன்ற தடித்த இலையடி' என்று விளக்கமும், கீழே தடித்த எழுத்தில் 'செதில்களை எறியாதீர்கள்' என்றும் போட்டிருக்கிறேன். வைரஸ் எச்சரிக்கையும் சேர்த்தாயிற்று.

பழஞ்சுவடி | வெள்ளி இரவு

விளக்கத்தில் மடல் வந்துவிட்டதே, அதையே சொல்லாக வைத்திருந்தால் விளக்கமே தேவைப்பட்டிருக்காது. என் மறுப்பு பதிவாகட்டும்.

மண்கை | எட்டு வாரம் கழித்து

இந்த இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். அக்கா குப்பைக்கூடையில் போட்ட 12 செதில்களையும் அன்றே பொறுக்கி, கழுவி, பூஞ்சைக்கொல்லித் தூளில் புரட்டி, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வெர்மிகுலைட்டோடு பையில் கட்டி, 20 டிகிரிக்குக் குறையாத இருட்டு அலமாரியில் வைத்திருந்தேன். இன்று பிரித்தேன். இரண்டு அழுகிக் கூழாகிவிட்டன. மற்றவற்றின் அடியில் ஒன்று, இரண்டு, ஒன்றில் மூன்று. பெரியது பட்டாணி அளவு, சிலவற்றில் நூல் போல வேரும் இருக்கிறது. தாய்ச்செதில் சுருங்கி மஞ்சளாகிவிட்டது. இனி ஆறேழு வாரம் குளிர்பெட்டியில் 4, 5 டிகிரியில் உறங்கவிட்டு அப்புறம் தொட்டியில் நடுவேன். பூ பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அக்காவுக்குக் காட்டினேன். "இதுக்குப் பேர் என்ன?" என்றார். குமிழ்ப்பிள்ளை என்றேன்.

பழஞ்சுவடி | அன்றிரவு

மகிழ்ச்சி அம்மா. முகிழ்கள் நலமாக வளரட்டும்.