நடுநிலையாக்கல் வெப்பம் பாதிதான் வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி
1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. இரண்டையும் தெர்மாகோல் கப்பில் கலந்தேன். அமிலமும் காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பத்தை, அதாவது நடுநிலையாக்கல் வெப்பத்தை, அளப்பதுதான் நோக்கம். தொடக்கத்தில் இரண்டும் 28.0 டிகிரி செல்சியஸ். கலந்ததும் 34.4 வரை ஏறியது.

நிறை (கிராம்) × நீரின் தன்வெப்பம் (ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) × வெப்பநிலை உயர்வு: 50 × 4.18 × 6.4 = 1338 ஜூல். 0.05 மோலால் வகுத்தால் மோலுக்கு 26.8 கிலோஜூல். புத்தகத்தில் 57 என்று இருக்கிறது. மூன்று முறை செய்தும் இதே கதை. பாதி வெப்பம் காற்றில் போய்விடுமா?

பதில் 1
மூடி போட்டீர்களா?

கேட்டவர்
போட்டேன். நடுவில் துளையிட்டு வெப்பமானியைச் செருகியிருந்தேன்.

பதில் 2
அப்படியானால் காற்றைக் குறை சொல்ல வேண்டாம். தெர்மாகோல் கப்பில் சில நொடிகளுக்குள் பாதி வெப்பம் வெளியேறாது. மூன்று முறையும் சரியாகப் பாதி குறைகிறதே, அப்போது கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சூடானது எது? அமிலம் மட்டுமா? காரக் கரைசலும் சேர்ந்துதானே சூடானது! நிறை 50 கிராம் இல்லை, 100. இப்போது 2675 ஜூல், மோலுக்கு 53.5 கிலோஜூல். இது நல்ல விடை.

அப்புறம் குறியை மறக்காதீர்கள். கரைசல் பெற்ற வெப்பம் வினை இழந்த வெப்பம். அதனால் என்தால்பி மாற்றம் (மாறா அழுத்தத்தில் வினை பெற்ற அல்லது இழந்த வெப்பம்) மோலுக்கு −53.5 கிலோஜூல்.

கேட்டவர்
ஐயோ, ஆமாம்! நன்றி. அடுத்த முறை 100 மி.லி., 100 மி.லி. எடுத்தால் வெப்பநிலை இரண்டு மடங்கு ஏறுமா? அளப்பது சுலபமாக இருக்குமே.

பதில் 2
ஏறாது. பலர் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று யோசியுங்கள். வெளிவரும் வெப்பம் இரண்டு மடங்காகும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் நீரும் இரண்டு மடங்கு. எனவே உயர்வு ஏறக்குறைய அதேதான். வெப்பம் என்பது மொத்த ஆற்றல் கணக்கு. அது எவ்வளவு பொருளில் பரவியது என்பதைப் பொறுத்தே வெப்பநிலை ஏறும். உயர்வு கூட வேண்டுமானால் செறிவைக் கூட்டுங்கள். இரண்டும் 2 மோலார் என்றால் 13 டிகிரிக்கு மேல் எதிர்பார்க்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்.

பதில் 3
மீதி 3.5 கிலோஜூல் பற்றி: கப்பும் வெப்பமானியும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் வெளியேயும் கசியும். கலப்பதற்கு முன்பிருந்தே 30 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். பிறகு குளிரும் கோட்டைப் பின்னோக்கி, கலந்த நொடி வரை நீட்டுங்கள். அங்கே கிடைக்கும் வெப்பநிலையைத்தான் எடுக்க வேண்டும். வெப்பமானி காட்டிய உச்சம் எப்போதும் சற்றுக் குறைவு.

கேட்டவர்
இன்று அதே அளவுகளில் செய்து வரைபடமும் போட்டேன். கோட்டை நீட்டியதும் உயர்வு 6.7. மோலுக்கு −56.0 கிலோஜூல்! இனி நைட்ரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வைத்துச் செய்யப்போகிறேன். அதற்கும் 57 பக்கம்தான் வருமா?

பதில் 2
வரும். அங்கேயும் நடப்பது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவதுதான்.