நாக்கை உதட்டில் வைத்து டிரம்பெட் ஊதப் பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செல்லூர் டிரம்பெட்

மூன்று வாரமாக ஒரே காட்சி கண்ணுக்குள் நிற்கிறது. எழுதி இறக்கி வைக்கலாம் என்று வந்தேன். நாக்கு நுனியைக் கீழுதட்டிலிருந்து எடுக்காமலே ஊதும் முறை, அதாவது ஜெரோம் காலெட் என்ற அமெரிக்க வாத்தியார் சொல்லிக்கொடுத்தது, இங்கே பலர் முயன்று பார்த்திருப்பீர்கள். அதனால் விளக்கம் வேண்டாம்.

பேண்டு செட்டில் 12 வருடம் ஆகிறது. வைகாசியில் ஒரே நாளில் மூன்று மாப்பிள்ளை அழைப்பு வரும். மூன்றாவதில் மேலுதடு மரத்துவிடும். மவுத்பீஸை, அதாவது வாயில் வைக்கும் முனையை, பல்லோடு சேர்த்து அழுத்தினால்தான் மேல்ஸ்தாயி வரும், மறுநாள் காலையில் காபி குடித்தால் உதட்டின் உள்பக்கம் எரியும். இப்படியே போனால் நாற்பது வயதில் சைடு டிரம் அடிக்கத்தான் போக வேண்டும் என்று பயந்துதான் மாறினேன். வீடியோ பார்த்து ஏழு மாதம், தினமும் மொட்டை மாடியில். நுனி நாக்கில் ஒட்டிய தலைமுடியைத் துப்புகிற மாதிரி ஒரு துப்பு, அதிலேயே சுரம் பிறக்க வேண்டும். அது பிடிபட்ட அன்று மேல் சி சுரம் எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா? அழுத்தமே இல்லை.

சரி, காமராஜர் சாலையில் ஒரு அழைப்பு. ஜெனரேட்டர் லைட், குதிரை, எல்லாம் உண்டு. முதல் பாட்டு புது முறையில் அருமையாகப் போனது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் டிரம்பெட் தனியாக எடுக்கும் இடம். டிரம் நிற்கிறது, எல்லாரும் நிற்கிறார்கள், நான் ஊத வேண்டும். பழைய பழக்கத்தில் நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. உஸ் என்று காற்று மட்டும் போனது. மறுபடி ஊதினேன், மறுபடி காற்று. அப்பா தோளில் உட்கார்ந்து போன ஒரு சின்னப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, சும்மா பார்த்தாள். கிளாரினெட் அண்ணன் அந்த வரியை எடுத்து வாசித்துக் காப்பாற்றிவிட்டார். எனக்கு அந்தப் பிள்ளையின் பார்வைதான் போகவே மாட்டேன் என்கிறது.

வேலைக்குப் பழைய முறை, பயிற்சிக்குப் புது முறை என்று பிரித்து வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

திருமங்கலம் யூபோனியம்

அண்ணே, எனக்கும் நாக்கு உள்ளே ஓடும். ஆனால் என் கதை வேறு.

எங்கள் சபை பேண்டில் நான் யூபோனியம், டிரம்பெட்டைவிடப் பெரிய பித்தளை ஊதுகருவி. கிறிஸ்துமஸ் இரவு கீதப் பவனி, குளிரில் மவுத்பீஸ் சில்லென்று இருந்தது. யூபோனியம் மவுத்பீஸ் பெரிது, நாக்கு நுனியை உதட்டோடு சேர்த்து வைக்க இடம் தாராளமாக இருக்கும், அதனால் எனக்கு இந்த முறை ஒரே மாதத்தில் வந்துவிட்டது. கீழ்ஸ்தாயி முன்னைவிட நன்றாகத் திரண்டு வந்தது. பின்னால் வந்த பையன் இருட்டில் தடுக்கி என் முதுகில் மோதினான். பல் இடுக்கில் இருந்த நாக்கு நுனியை நானே கடித்துவிட்டேன். வாயெல்லாம் இரத்தம். வெள்ளைச் சட்டையில் மூன்று சொட்டு விழுந்தது.

பாட்டை விடவில்லை. அடுத்த வீட்டு வாசல்வரை ஊதிக்கொண்டே போனேன். அந்த இரும்பு ருசி இப்போதும் சில நாள் பயிற்சியில் நாக்கில் வருகிறது, அப்போது நாக்கு தானாக உள்ளே போய்விடுகிறது. நடந்துகொண்டே ஊதுகிறவர்கள் இந்த முறையில் பல்லை எவ்வளவு திறந்து வைக்கிறீர்கள்? உட்கார்ந்து வாசிப்பவர்கள் சொல்லும் அளவு எனக்கு உதவவில்லை.

மேலூர் கொம்பு

காலெட், காலெட் என்கிறீர்கள். என் தாத்தா கொம்பு ஊதியவர். புரவி எடுப்புக்கு மண் குதிரைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது முன்னால் அவர் கொம்புதான் போகும். இரண்டு வளைவையும் ஒரு பக்கமாகத் திருப்பினால் பிறை, எதிரெதிராகத் திருப்பினால் பாம்பு மாதிரி வளையும், அந்தக் கொம்பு.

எனக்கு எட்டு வயது இருக்கும். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து எனக்கு ஊதக் காட்டினார். முன்பல் இரண்டும் அப்போதே இல்லை. பல் இல்லாத அந்த இடைவெளியில் நாக்கு நுனி வந்து கீழுதட்டில் படுத்திருந்தது. சிவப்பாக, வெற்றிலைச் சாறு மின்ன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வெத்தலச் சக்கையத் துப்புற மாதிரி துப்பு, ஆனா துப்பாத" என்றார். அவ்வளவுதான் பாடம். போன வருடம் அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நாக்கு. அதே இடம்.

தாத்தா போய் இருபது வருடம் ஆகிறது. அந்தக் கொம்பை ஊத எங்கள் குடும்பத்தில் இன்று ஒருவரும் இல்லை. இது அமெரிக்காவில் கண்டுபிடித்தது இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உசிலம்பட்டி கார்னெட், ஓய்வு

ராணுவ பேண்டில் கார்னெட், அதாவது டிரம்பெட் மாதிரியே கொஞ்சம் குட்டையான கருவி, வாசித்து ஓய்வு பெற்றவன். மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் பயிற்சி. அங்கே எங்கள் வாத்தியார் கையில் சின்னக் கண்ணாடி வைத்திருப்பார், நாக்கு பல்லுக்கு வெளியே தெரிந்தால் வாசிப்பை நிறுத்தச் சொல்வார். ஒருநாள் என் நாக்கு வெளியே தெரிந்துவிட்டது. அணி முழுக்க நிற்க, என் முகத்துக்கு நேரே அந்தக் கண்ணாடியை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றார். என் கதை அவ்வளவுதான்.

மேலூர்த் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய கார்னெட் மேதைகள் எல்லாரும் இப்படித்தான் ஊதினார்கள் என்றுதான் காலெட்டே சொன்னார், தானே உண்டாக்கினேன் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் தாத்தாவுக்குப் பல் இல்லை. பல் இருக்கிற இடத்தில் நாக்கை வைத்து ஊதுவதும், பல் இல்லாத இடத்தில் நாக்கை முட்டுக்கொடுத்து ஊதுவதும் ஒன்றாகுமா? அவர் உதட்டுக்கு உள்ளே தாங்கல் இல்லை, அதனால் நாக்கு தாங்கியது. அதை முறை என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செல்லூர்த் தம்பி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டிரம்பெட்டில் நடு சி ஊதும்போது உதடு நொடிக்கு 466 தடவை அதிர்கிறது. அதற்கு மேல் சி என்றால் 932. இந்த இரட்டிப்பை எதால் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாச் சண்டையும். மவுத்பீஸை அழுத்தி உதட்டை மெல்லிசாக்கினால் சுரம் ஏறும், ஆனால் இரத்த ஓட்டம் நின்று உதடு சாகும். அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே 1930களில் உதடு கிழிந்து மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் கிடந்திருக்கிறார். சாச்மோ என்ற அவர் பட்டப்பெயரையே வைத்து, வாயைச் சுற்றியிருக்கும் வட்டத் தசை கிழிவதை மருத்துவர்கள் சாச்மோ நோய் என்கிறார்கள். ஆகவே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கும் காலெட்டுக்கும் சண்டை இல்லை. வழியில்தான் சண்டை. பிலிப் ஃபார்கஸ் என்ற சிகாகோ பிரெஞ்சு ஹார்ன் வாத்தியார் எழுதியபடி, கடைவாய் இரண்டையும் இறுக்கி, தாடையைத் தட்டையாக வைத்தாலே அழுத்தம் குறையும். அதற்கு நாக்கை வெளியே கொண்டுவர வேண்டியதில்லை. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் ஹார்ன் வாசிக்கும் சாரா வில்லிஸ் எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் படுத்து வாசித்த படத்தைத் தேடிப் பாருங்கள். சுரம் மேலே போகப் போக நாக்கு வாய்க்குள்ளேயே மேலெழும்பிக் காற்று போகும் வழியைச் சுருக்குவது அப்படியே தெரியும். நாக்கு எல்லாருக்கும்தான் வேலை செய்கிறது. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

ஆனாலும் புது முறைதான் வேண்டும் என்றால், சீசனில் மாறாதீர்கள். ஆனியோடு முகூர்த்தம் ஓயும். ஆடியில் அம்மன் கோவில் வேலை ஒன்றிரண்டு வரும், அதற்கு இரண்டாவது டிரம்பெட்டாகப் போங்கள். பயிற்சி ஐந்து நிமிடம், ஓய்வு ஐந்து நிமிடம். உதடு சோர்வதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், சோர்ந்த பிறகு ஊதும் ஒவ்வொரு நிமிடமும் பழைய பழக்கத்துக்குத்தான் உரம். கருவியே வேண்டாம், மவுத்பீஸ் மட்டும் கையில் வைத்துத் துப்பு ஒலியைப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் உட்காருங்கள். புகையிலை போடுகிறவராக இருந்தால் அதை விட்டால்தான் உதட்டுத் தோல் நிற்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மவுத்பீஸை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், 7சி அளவு மவுத்பீஸில் வராத சுரம் வேறொன்றில் வந்தால் அது இரண்டு நாள் கூத்து. திருமங்கலத்துப் பிள்ளை நடக்கும்போது ஊதுவதாகச் சொன்னது, நடையை மாற்றினால் பாதி சரியாகும். குதிகாலை உருட்டி வைக்க வேண்டும், அணிவகுப்பில் நாங்கள் அப்படித்தான். தலை ஆடாமல் இருந்தால் நாக்கும் ஆடாது.

மேலூர் கொம்பு

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் பல் விழுவதற்கு முன்னால் தாத்தா எப்படி ஊதினார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "துப்பு, ஆனா துப்பாத" என்று அவருக்கு அவர் அப்பா சொன்னதாகத்தான் சொன்னார். அவர் அப்பாவுக்கும் பல் இல்லாமலா இருந்தது?

நீங்கள் கண்ணாடியைப் பிடித்த வாத்தியாரைச் சொன்னீர்கள். உங்கள் நாக்கு அன்றைக்கு ஏன் வெளியே வந்தது என்று அவர் கேட்டாரா? தானாக அங்கே போனது என்றால் அதற்கு அங்கே ஏதோ வேலை இருந்திருக்கும். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், சண்டைக்காகக் கேட்கவில்லை.

தெற்குவாசல் நாகசுரம்

நான் பித்தளைக்காரன் இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. எங்களுக்குத் துத்துக்காரம் என்றுதான் பாடமே தொடங்கும். சீவாளியின், அதாவது நாகசுரத்தின் நுனியில் செருகும் நாணல் பட்டையின், வாயில் நாக்கு நுனி தட்டித் தட்டித்தான் சுரம் பிரியும், அது இல்லாவிட்டால் எல்லாம் ஒரே இழுப்பாகப் போகும். ஆசிரியர் எனக்கு ஆறு மாதம் வாத்தியத்தையே தரவில்லை. வெறும் சீவாளி. திண்ணையில் உட்கார்ந்து துத்து, துத்து என்று ஊத வேண்டும், தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து எச்சில் கையோடு என் தாடையைத் தொட்டு, "இப்பதான் நாக்கு முழிச்சிருக்கு" என்றார். இதை எழுதும்போதும் அந்த ஈரம் தாடையில் தெரிகிறது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எங்களுக்குச் சீவாளி அதிர்கிறது. உங்களுக்கு உதடுதான் சீவாளி. சீவாளி தடித்தால் நாங்கள் சுரண்டுவோம், ஆகாதென்றால் வேறு மாட்டுவோம், வாத்தியத்தின் கழுத்தில் கொத்தாகத் தொங்கும். உங்கள் சீவாளியை மாற்ற முடியாது. அதனால் அவசரப்படாதீர்கள், தம்பி.

கருமாத்தூர்

காலேஜ் இரண்டாம் வருடம். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறேன். கம்பி போட்ட முதல் வாரம் டிரம்பெட் ஊதியதில் மேலுதடு உள்ளே கிழிந்து, வலை மாதிரி கம்பியின் அச்சு விழுந்தது. இடைக்காட்டூர்த் தேர்ப்பவனிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், போக முடியவில்லை. நண்பர்கள் ஊதும் சத்தத்தைப் போனில் கேட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நாக்கு முறையில் அழுத்தம் குறையும் என்று கேள்விப்பட்டுத்தான் இங்கே வந்தேன். கம்பியோடு யாராவது பழகியிருக்கிறீர்களா? பெரியவர் சொன்ன கடைவாய் இறுக்கும் முறையில் எனக்குக் கம்பி இன்னும் ஆழமாகக் குத்துகிறது.

உசிலம்பட்டி கார்னெட், ஓய்வு

கருமாத்தூர்த் தம்பி, கம்பி கழற்றும்வரை மேல்ஸ்தாயியைத் தொட வேண்டாம். கம்பிக்கு மேலே ஒட்டும் மெழுகு பல் டாக்டரிடமே கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

மேலூர்த் தம்பி கேட்டதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. அன்றைக்கு நாக்கு ஏன் வெளியே வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. காலையிலிருந்து அணிவகுப்பு, உதடு போய்விட்டது, கடைசிப் பாட்டு. நாக்கு அதுவாகப் போய் உதட்டுக்கு முட்டுக்கொடுத்தது. அந்தப் பாட்டில் மேல் சுரம் எல்லாம் வந்தது. அதை நான் முதலில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

செல்லூர் டிரம்பெட்

எல்லாருக்கும் நன்றி. ஐயா கடைசியாக எழுதியதை நாலு தடவை படித்தேன். கொம்புத் தாத்தாவின் "துப்பு, ஆனா துப்பாத" என்பதைத் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன்.

ஆனியில் இன்னும் இரண்டு முகூர்த்தம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அது இரண்டும் பழைய முறையில்தான். புது முறைக்கு இப்போது கருவியை எடுப்பதில்லை, மவுத்பீஸ் மட்டும். விடிகாலையில் பாத்திரப் பட்டறைச் சத்தம் தொடங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிடம், அப்புறம் ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். நேற்று நாக்கு பத்துத் தடவையில் இரண்டு தடவைதான் உள்ளே ஓடியது.

கிளாரினெட் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆடி பிறந்ததும் மாடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சரணத்தை அவர் டிரம் மாதிரி கைத்தட்டி நிறுத்துவார், நான் எடுக்க வேண்டும்.