எச்.ஓ. பாதைக்கு ஜல்லி ஒட்டும்போது பசை உள்ளே இறங்கலை, குழியாகுது

கரிசல்பாதை:
வணக்கம். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள்ள போற ரயில் பாதையை, மேலே மின்கம்பி வராத டீசல் காலத்துல இருந்த மாதிரி எச்.ஓ. அளவுல (நிஜத்துல 87-ல ஒரு பங்கு, 1:87) மாடலா செஞ்சுக்கிட்டு இருக்கேன். ப்ளைவுட், அதுக்கு மேல 5 மி.மீ. கார்க், அதுக்கு மேல ட்ராக். ஜல்லிக்கு எம்-சாண்ட் சலிச்சு வச்சிருக்கேன். தனிப் பலகையில ஒரு துண்டு ட்ராக் வச்சு சோதிச்சேன். வெள்ளைப் பசையைத் தண்ணியில கரைச்சு ட்ராப்பரால விட்டா, துளி தாமரை இலைத் தண்ணி மாதிரி மேலேயே நிக்குது. அப்புறம் சுத்தி இருக்கிற ஜல்லியை இழுத்துக் குழியாக்கிடுது. காஞ்ச பிறகு பார்த்தா மேல்தோல் மட்டும் கெட்டி, அடியில வெறும் பொடி. மெயின் பாதையில கை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டுடலாம்னு வந்தேன். ரயில் ஒரு பாதையில இருந்து இன்னொரு பாதைக்கு மாறுற பாயிண்ட்ஸ் இருக்கிற இடத்துல என்ன செய்யறதுன்னும் சொல்லுங்க.

பழைய கேங்மேட்:
தம்பி, நான் ரயில்வே பாதைப் பிரிவுல இருந்து ஓய்வு பெற்றவன். இப்ப வீட்டுல சின்னதா ஒரு பாதை போட்டு வச்சிருக்கேன். உங்க பசையில கோளாறு இல்ல. ஜல்லியில கலந்திருக்கிற பொடியும், நனைக்காம பசை விட்டதும்தான் காரணம்.

எம்-சாண்ட் நல்ல தேர்வு. கருங்கல்லை உடைச்சது, முனை கூர்மையா இருக்கும். ஆத்து மணல் உருண்டையா இருக்கிறதால எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஜல்லியாத் தெரியாது. நிஜப் பாதையில நாங்க போடுற கல் 65 மி.மீ.யில இருந்து 20 மி.மீ. வரைக்கும். 87-ஆல வகுத்தா முக்கால் மி.மீ.க்கும் கால் மி.மீ.க்கும் நடுவுல வரும். ரவை சல்லடையில ஒரு தடவை சலிச்சுப் பெருசை ஒதுக்குங்க. அடியில விழுந்ததை மாவு சல்லடையில சலிச்சு, மேல தங்கினதை மட்டும் எடுங்க. அதையும் ரெண்டு மூணு தண்ணியில அலசி, கலங்கலைக் கொட்டிட்டு வெயில்ல காய வைங்க. காஞ்சதும் காந்தத்தைக் காகிதத்துல சுத்தி அதுக்குள்ள ஓட்டிப் பாருங்க. ஒட்டிக்கிட்டு வர்ற துணுக்கு எல்லாம் நாளைக்கு இன்ஜின் மோட்டாருக்குள்ள போய் உக்காரக்கூடியது.

அடுத்தது வடிவம். அவசரப்படாதீங்க, பாதி அழகு இதுலதான் இருக்கு. ஸ்லீப்பரோட, அதாவது தண்டவாளத்துக்கு அடியில குறுக்கே கிடக்கிற கட்டையோட, தலை தெரியணும், நடுவுல கல் அதுக்குச் சமமா அல்லது ஒரு மயிரிழை கீழே. நீளமா வெல்டிங் பண்ணின தண்டவாளத்துல ஸ்லீப்பர் முனைக்கு வெளியே ஜல்லித் தோள் நேர்பாதையில 350 மி.மீ., வளைவோட வெளிப்பக்கம் 500 மி.மீ. விடுவோம். உங்க அளவுல 4 மி.மீ., அங்கே கிட்டத்தட்ட 6 மி.மீ. வளைவுல பாதை வெளியே தள்ளிக்கிட்டுப் போகாம பிடிக்கிறதே அந்தத் தோள்தான். மாடல்ல இதைச் செய்யறவங்க ரொம்பக் குறைவு, செஞ்சா வளைவுக்கே ஒரு கம்பீரம் வந்துடும். மெல்லிய பிரஷ்ஷால தள்ளுங்க, பிறகு தண்டவாளத்தை விரலால தட்டினா ஸ்லீப்பர் மேல நிக்கிற கல் மணி எல்லாம் இறங்கிடும். உலர்ந்திருக்கும்போது எப்படி இருக்கோ அப்படியேதான் ஒட்டும்.

இப்ப தண்ணி. ஒரு கிண்ணத் தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு. சலூன் ஸ்ப்ரே பாட்டிலை மேல் நோக்கி அடிங்க, பனி மாதிரி தானா இறங்கட்டும். நேரா அடிச்சா கல் பறக்கும். அடி வரைக்கும் கறுத்து நனையணும். அந்த ஈரத்துலயே பசை ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால ஸ்லீப்பர்களுக்கு நடுவுல விடுங்க. தானா பரவும். பால் ஊத்தின மாதிரி வெள்ளையா நிக்கும், பயப்பட வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க, மழைக்காலம்னா ரெண்டு நாள்.

மீட்டர்கேஜ்:
கேங்மேட் ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணு. சோப்புத் தண்ணிக்குப் பதிலா 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் அடிக்கலாம், இன்னும் வேகமா உள்ளே இழுக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. அப்புறம் சத்தம். பசை கல்லா இறுகி ட்ராக்கையும் ப்ளைவுட்டையும் ஒண்ணாக் கட்டிடும், சத்தத்தை அடக்கக் கார்க் போட்ட பயன் பாதி போயிடும். ராத்திரி ஓட்டுற ஆளுன்னா பசைக்குப் பதிலா ஓவியக் கடையில கிடைக்கிற, பளபளப்பில்லாமக் காயற மேட் மீடியத்தைக் கரைச்சு விடுங்க, அது காஞ்சாலும் கொஞ்சம் நெகிழ்வா இருக்கும். எனக்கு அந்தக் கூடுதல் செலவு சரின்னுதான் படுது.

சிக்னல்கைகாட்டி:
பாயிண்ட்ஸ்ல சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம். நகர்ற நாக்குத் தண்டவாளங்களுக்கு நடுவுல ஒரே ஒரு அடுக்கு கல் மணி போதும். நாக்கை இணைக்கிற குறுக்குப் பட்டைக்கு அடியில எதுவும் போடாதீங்க. அந்த இடத்துக் கார்க்கை ஜல்லி நிறத்துல பெயின்ட் பண்ணிட்டா கண்ணுக்கே தெரியாது. நகர்ற இடங்கள்ல பல்குத்தி முனையால துளி எண்ணெய் வச்சுட்டு, பசையைச் சின்ன பிரஷ்ஷால கெட்டியா, கல்லுக்கு அடியில மட்டும் தடவுங்க. காயற வரைக்கும் அப்பப்ப நாக்கை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கிட்டே இருங்க. தண்டவாளத் தலையை ஈரமா இருக்கும்போதே துடைச்சிடுங்க, காஞ்ச பசைக்கு மேல கரன்ட் வராது.

கரிசல்பாதை:
அலசி, நனைச்சு, அதே சோதனைப் பலகையில செஞ்சேன். பலகையைத் தலைகீழாத் திருப்பினாலும் ஒரு மணி விழலை! ரொம்ப நன்றி ஐயா. எல்லாம் ஒரே சாம்பல் நிறமா புதுப்பாதை மாதிரி இருக்கே, அதுக்கு என்ன செய்யலாம்?

பழைய கேங்மேட்:
நல்லது தம்பி. பிரேக் கட்டையில இருந்து உதிர்ற இரும்புத் தூள்தான் ஜல்லியைப் பழுப்பாக்குறது. அதனால ரயில் வேகம் குறைக்கிற ஸ்டேஷன் பக்கம் அதிகமா, நடுக்காட்டுல குறைவா வைங்க. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல கூடுதல், தோள்ல லேசா. பிளாட்பாரம் முடியற இடத்துல இன்ஜின் நிக்கிற அளவுக்குக் கறுப்பா எண்ணெய்க் கறை. நல்லாக் காஞ்ச ஜல்லி மேல, நீர்க்க கரைச்ச அக்ரிலிக் பெயின்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. தண்டவாளத்தோட பக்கவாட்டுத் துருவை மட்டும் மெயின் பாதைக்கு ஜல்லி போடுறதுக்கு முன்னாடியே அடிச்சிடுங்க, பிறகு அங்கே பிரஷ் போகாது.